காசும் காசுபோல்வதும்

கோடை விடுமுறை கழிந்து கலாசாலை திறந்த முதல் வாரத்தில், இரண்டாம் ஆண்டு வகுப்பு மாணவர் ஒருவர் மாலை நேரத்தில் நமது அறை வாயிலில் வந்து தயங்கி நின்றார். உள்ளே அழைத்து அமரச் செய்தோம். அவர் கைக்குட்டையின் முடிச்சை அவிழ்த்துச் செம்பு நிறமுடைய தடித்த வில்லை ஒன்றை மேசைமீது வைத்தார். அதன் ஒரு பக்கத்தில் இராமர் பட்டாபிஷேகக் கோலம். மறு பக்கத்தில் தாமரை மலரொன்றும், கிழக்கிந்தியக் கும்பினி என்னும் பெயரும், அரை அணா என்னும் மதிப்பும், 1818 என்னும் ஆண்டும் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருந்தன.

"ஐயா, இது மெய்யாகவே கும்பினிக் காசுதானா?" என்று வினவினார். ஏன் கேட்கிறீர் என்றோம். அவருடைய சிற்றப்பா இதற்கு 40,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருப்பதாகவும், எஞ்சிய தொகைக்காக இருக்கும் ஒன்றரை ஏக்கர் நிலத்தை அடகுவைக்க ஏற்பாடு நடப்பதாகவும், பத்திரம் எழுதும் நாள் அடுத்த வெள்ளிக்கிழமை என்றும் தலைகவிழ்ந்தவாறே கூறினார். இக்காசு அரிசியைத் தன்பால் இழுக்குமாம். அத்தகைய காசுக்கு வெளிநாட்டார் கோடிக்கணக்கில் விலை தருவராம். இழுத்ததைத் தம் கண்ணாலேயே கண்டதாகச் சிற்றப்பா சொல்லுகின்றாராம்.

அன்று மாலை அவருக்கு நாம் காட்டியவற்றையும் கூறியவற்றையும், பின்னர் நினைவுக்கு வந்த சிலவற்றையும் சேர்த்தே இக்கட்டுரையை எழுதுகின்றோம். பழங்காசு சேர்க்கும் ஆவல் நம் மாணவரிடையே பெருகி வருகின்றது. அஃது ஒரு நல்ல பழக்கமே. ஆனால் காசு சேர்க்கத் தொடங்குவோன் முதன்முதல் கற்க வேண்டுவது காசைப் பற்றியன்று. காசுபோலத் தோன்றியும் காசல்லாதவற்றைப் பற்றியே என்பது நமது துணிபு.

காசு எனப்படுவது யாது? ஆளும் அதிகாரமுடையார், தம் பெயரால், இன்ன மதிப்புக்குக் கொடுக்கல் வாங்கலில் ஏற்கப்படுக என்று விதித்து வெளியிடும் உலோகத்துண்டே காசு. ஒரு நிகழ்ச்சியையோ ஒரு மனிதரையோ நினைவுகூரும் பொருட்டு அடிக்கப்படுவதும், கடையில் கொடுத்து ஒன்றும் வாங்க இயலாததுமானது பதக்கம். அதனை அரசாங்கமும் அடிக்கலாம், தனியாரும் அடிக்கலாம். இவ்விரண்டிற்கும் இடையில் மூன்றாவதொரு இனமும் உண்டு. சில்லறைத் தட்டுப்பாட்டின்போது வணிகரும் தொழிற்சாலைக்காரரும் தோட்டத் துரைமாரும் தம் எல்லைக்குள் செல்லுமாறு வெளியிட்ட வில்லைகள் அவை. இலங்கையில் காப்பித் தொழில் ஓங்கியிருந்த காலத்தில், காப்பிக்கொட்டையைப் பொறுக்கித் துப்புரவு செய்த கூலியாட்களுக்கு இத்தகைய வில்லைகள் கொடுக்கப்பட்டதுண்டு. பிரிட்டனில் 1787ஆம் ஆண்டு ஆங்கில்ஸீத் தீவிலிருந்த பாரிஸ் என்னும் செம்புச் சுரங்கக் கம்பெனியார் தாமே வில்லைகளை அடித்து வெளியிட, அவரைப் பார்த்து ஊர்தோறும் கடைக்காரர் வெளியிட்டனர். சிறிது காலத்தில் அவற்றைச் சேர்த்துவைப்பாரும் மிகுந்தனர். சேர்ப்பார்க்கென்றே புதிய வில்லைகளை அடித்து விற்பாரும் தோன்றினர். 1817இல் சட்டம் இயற்றி அவற்றைத் தடைசெய்ய வேண்டியதாயிற்று. சேகரிப்போனை ஏமாற்றுதல் இக்காலத்தார் கண்டுபிடித்த கலையன்று.

இனி, தொடக்கநிலையில் உள்ளோர்க்குப் பெரும்பாலும் சொல்லப்படும் இலக்கணம் ஒன்றுண்டு: மதிப்பு எழுதப்பட்டிருந்தால் காசு, இல்லையேல் பதக்கம் என்பது. இதனை நம்பி நாமே பலமுறை இடறியிருக்கின்றோம். இங்கிலாந்தின் தங்க சவரனில் மதிப்பு எழுதப்படுவதில்லை. எனினும் அது காசே. தென்னாப்பிரிக்காவின் குரூகர்ராண்டிலும் மதிப்புக் குறிப்பு இல்லை. அதில் இருப்பது தங்கத்தின் எடை மட்டுமே. நம் இராசராச சோழன் காசுகளில் அவன் பெயர் நாகரி எழுத்தில் உண்டு, மதிப்பு இல்லை. மறுபுறம், நமது மேசைமீது கிடந்த வில்லையிலோ அரை அணா என்று துணிவாக எழுதப்பட்டிருக்கின்றது! ஆஸ்திரேலியாவில் 1970 முதல் 2020 வரை தம்மைத் தனி நாடென்று கூறிக்கொண்டிருந்த ஹட் ரிவர் என்னும் பண்ணைக்காரர், டாலர் மதிப்பெழுதிய காசுகளையே வெளியிட்டனர். அந்நாட்டை எவ்வரசும் ஏற்றதில்லையாதலால் அவற்றை அறிஞர் காசென்று கொள்வதில்லை. எழுத்து யார் வேண்டுமானாலும் வெட்டலாம். எழுதியவருக்கு அந்த உரிமை உண்டா என்பதன்றோ வினா?

அடித்தவர் யார் என்பதும் முடிவான சான்றாகாது. பர்மிங்காம் நகரையடுத்த சோகோ என்னுமிடத்தில் மாத்யூ போல்ட்டன் (1728-1809) என்பார் நீராவி இயந்திரத்தால் ஓடும் அச்சுச்சாலை ஒன்றை நிறுவினார். அது முற்றும் தனியாருடையது. அங்கேதான் 1797இல் ஆங்கில அரசாங்கத்தின் பெரிய செம்புப் பென்னிகள் அடிக்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஓர் அவுன்சு எடை. நம் சென்னை மாகாணத்தில் வழங்கிய 1803, 1808ஆம் ஆண்டுகளின் பத்துக் காசும் இருபது காசும் அங்கேதான் அடிக்கப்பட்டன. அவற்றை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' என்னும் கப்பல் 1809ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இங்கிலாந்தின் கரையோரத்துக் குட்வின் மணற்றிட்டில் மூழ்கியது. அதனுள் கிடந்த 1808ஆம் ஆண்டுக் காசுகள் பல 1980களில் வெளியே எடுக்கப்பட்டு இன்று விலைக்கு வருகின்றன. சென்னைக்கு வரவேண்டிய சில்லறை ஏறக்குறைய 175 ஆண்டு கடலடியில் உறங்கிவிட்டுச் சேகரிப்போர் பேழையைச் சென்றடைந்த கதை இது.

அதே சோகோச் சாலையில், அதே இயந்திரங்களால் ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கமும் அடிக்கப்பட்டது. 1799ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் திப்பு சுல்தானின் கோட்டை வீழ்ந்ததை நினைவுகூர்ந்து கும்பினியார் தம் படையினர்க்கு வழங்கியது அது. சிங்கமொன்று புலியை அடக்குங் காட்சி ஒரு பக்கம். கோட்டையைத் தாக்குங் காட்சி மறு பக்கம். கூக்ளர் என்னும் செதுக்குநர் அச்சு வெட்டினார். தங்கம், தங்கமுலாம் பூசிய வெள்ளி, வெள்ளி, வெண்கலம், வெள்ளீயம் என ஐந்து வகையாக அடித்து, பதவிக்கேற்ப வழங்கினர். தலைவர்க்குத் தங்கம், சிப்பாய்க்கு ஈயம். சோகோவில் அடித்தவை 48 மில்லிமீட்டர் அகலமுடையன. பின்னர்க் கல்கத்தாவில் அடிக்கப்பட்டவை 45 மில்லிமீட்டர். இந்த மூன்று மில்லிமீட்டர் வேறுபாடே ஒரு பதக்கம் எங்கே பிறந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கும். அளவுகோல் ஒன்று இல்லாமல் காசு சேர்க்கப் புகுவோர் எழுத்தறியாமல் நூல் சேர்ப்போரை ஒப்பர்.

ஆகவே ஒரே கூரையின்கீழ்க் காசும் பிறக்கும், பதக்கமும் பிறக்கும். அமெரிக்காவில் 1964இல் நிறுவப்பட்ட பிராங்க்ளின் மின்ட் என்னும் தனியார் சாலையும் இத்தகையதே. தொடர்தொடராக வெள்ளிப் பதக்கங்களை அடித்துச் சந்தாதாரருக்கு அனுப்பிய அச்சாலைதான் பனாமா முதலிய நாடுகளுக்கு மெய்யான காசுகளையும் அடித்துக் கொடுத்தது. பனாமாவின் 1971ஆம் ஆண்டு 20 பல்போவா வெள்ளிக் காசு 61 மில்லிமீட்டர் அகலமும் ஏறக்குறைய 130 கிராம் எடையும் உடையது. உள்ளங்கையை நிறைக்கும் அதனைக் கண்டால் பதக்கமென்றே எவரும் சொல்லுவர், அது காசு. 'மின்ட்' என்ற சொல்லைக் கண்ட மாத்திரத்தில் அரசாங்கத் தங்கசாலை என்று மயங்கற்க. சென்னையில் தங்கசாலைத் தெரு என்று ஒரு தெரு இருப்பதால் அச்சொல் நம்மவர்க்கு அரசாங்கத்தையே நினைவூட்டுகின்றது. மேனாட்டிலோ கடைப்பெயராகவும் அது வழங்கும்.

நாம் முதன்முதல் ஏமாந்த கதையையும் இவ்விடத்தில் சொல்லிவிடுதல் நேர்மை. வேலைக்கமர்ந்து இரண்டு மூன்று திங்களே ஆகியிருந்த காலம். பழம்பொருள் விற்பார் ஒருவரிடம் விக்டோரியா அரசியின் தலையுருப் பொறித்த, 1897 என்னும் ஆண்டிட்ட, வெண்ணிறமான பெரிய வட்டமொன்றைக் கண்டோம். மிக அரிய ரூபாய், அளவில் பெரிதாக அடித்த ஒரு சிலவற்றில் ஒன்று என்றார் அவர். சம்பளத்தில் கால்பங்கு போயிற்று. வீட்டுக்கு வந்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கியபோதுதான், மறுபக்கத்தில் இருந்தது இங்கிலாந்திலுள்ள ஒரு சிற்றூரின் விருதுக்குறி என்பதும், சுற்றியிருந்த எழுத்து அவ்வூர் நகரத்தலைவரின் பெயர் என்பதும் விளங்கின. அரசியார் பட்டமேறிய 60ஆம் ஆண்டு விழாவின்போது ஊர்தோறும் பள்ளிப்பிள்ளைகளுக்கு இனாமாகக் கொடுத்த பதக்கங்களுள் அதுவும் ஒன்று. தலையுருவின் கீழே மணலளவு எழுத்தில் செய்தவரின் பெயரும் ஊரும் இருந்தன. உச்சியில் வளையம் இருந்த இடத்தை அரத்தால் தேய்த்து மழுப்பியிருந்தார்கள். 1897ஆம் ஆண்டின் மெய்யான இந்திய ரூபாயில் முடிசூடிய உருவமும் 'விக்டோரியா சக்கரவர்த்தினி' என்னும் பொருளுடைய ஆங்கில எழுத்தும் இருக்கும் என்பதை அன்றைக்கு நாம் அறியோம். அறிந்திருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும் விஷயம்.

அந்த நஷ்டத்தினின்று நாம் கற்ற முதற்பாடம், முகத்தைப் பார்க்குமுன் விளிம்பைப் பார் என்பது. வாங்குவோர் கண் எப்போதும் தலையுருவின்மேலேயே செல்லும். மெய் பெரும்பாலும் விளிம்பில் ஒளிந்திருக்கும். காசுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவேண்டியிருப்பதால் அவற்றின் ஓரம் உருவத்தைவிடச் சற்றே உயர்ந்திருக்கும், உருவம் தாழ்ந்திருக்கும். இலட்சக்கணக்கில் அடிக்கவேண்டியிருப்பதால் ஒரே அடியில் உருவம் எழுமாறு ஆழங்குறைந்த அச்சே வெட்டுவர். பதக்கத்துக்கு இந்தக் கவலையில்லை. பலமுறை அடித்து உருவத்தைப் புடைத்தெழச் செய்யலாம். ஆதலால் மூக்கும் கன்னமும் ஓரத்துக்கு மேலே நிற்குமாயின் அது பதக்கமென்று ஐயுறுக. காசின் விளிம்பில் பெரும்பாலும் வரிவெட்டோ எழுத்தோ இருக்கும், அன்றி வழவழப்பாயிருக்கும். பதக்கத்தின் விளிம்பிலோ உலோகத்தின் மாற்று, சோதனைச்சாலை முத்திரை, செய்தவர் பெயர், வரிசை எண் முதலியன காணப்படும். 925 என்றோ 999 என்றோ எண் இருப்பின், ஆயிரத்துக்கு இத்தனை பங்கு வெள்ளி என்பதே பொருள். அதனை ஆண்டென்று எண்ணி, ஆயிரமாண்டுப் பழங்காசு என்று மகிழ்ந்தாரையும் நாம் கண்டிருக்கின்றோம்.

விளிம்பின் சிறப்புக்குப் பாரிஸ் தங்கசாலைப் பதக்கங்களே தக்க எடுத்துக்காட்டு. நெப்போலியன் வெற்றிகளைக் குறிக்கும் பதக்கங்களின் பழைய அச்சுகளைப் பாதுகாத்து, அச்சாலையார் பிற்காலத்தும் அடித்து விற்றனர். முகத்தில் 1805 என்றே இருக்கும். ஆனால் விளிம்பில் ஒரு சிறு குறி இட்டனர்: 1832 முதல் பழங்கால விளக்கு, பின்னர் நங்கூரம், கப்பல் முகப்பு, சுட்டுங் கை, 1860 முதல் தேனீ, 1880 முதல் கனிகள் நிறைந்த கொம்பு. கொம்பும் உலோகப் பெயரும் விளிம்பில் இருக்குமாயின் அப்பதக்கம் 1880க்கு முற்பட்டதன்று. நெப்போலியனோ 1821இலேயே மாண்டவன். விற்றவர்கள் மறைத்தாரல்லர், வெளிப்படையாகவே எழுதிவைத்தார்கள். படியாதவரே ஏமாந்தனர்.

செதுக்குநரின் பெயரெழுத்தைக் கண்டதும் பதக்கம் என்று தீர்த்துவிடுதல் கூடாது. 1840ஆம் ஆண்டு ரூபாயில் விக்டோரியாவின் கழுத்தடியில் வில்லியம் வயன் என்பாரின் முதலெழுத்துக்கள் உண்டு. பர்மிங்காம் ஹீட்டன் தனியார் சாலையில் அடித்த ஆங்கிலக் காசுகளில் அச்சாலையின் முதலெழுத்து உண்டு. ஓரிரு எழுத்து காசிலும் வரும். முழுப்பெயரும் ஊரும் வருவது பெரும்பாலும் பதக்கத்திலேயே. ஒரு பக்கம் நேராகவும் மறு பக்கம் தலைகீழாகவும் இருந்தால் காசு, இரு பக்கமும் நேராக இருந்தால் பதக்கம் என்று கூறுவாரும் உளர். அமெரிக்கக் காசுகளுக்கு அது பொருந்தும். இக்கால ஆங்கிலக் காசுகளுக்குப் பொருந்தாது.

அடுத்தது எடை. தங்கசாலைகள் எடையில் தவறுவதில்லை. தவறினால் அரசாங்கத்துக்கு நட்டம். 1835ஆம் ஆண்டில் கும்பினியார் தம் ஆட்சிப் பகுதிகளுக்கெல்லாம் ஒரே வகை நாணயம் ஏற்படுத்தியபோது ரூபாயின் எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம் என்றும், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி என்றும் விதித்தனர். இனி நீரில் ஆழ்த்தி நிறுக்கும் முறையை இங்குக் கையாளலாம். பௌதிக வகுப்பில் ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைப் படித்து மறந்தோர்க்கு இஃது ஒரு மறுபயன். சிறு கிண்ணத்தில் நீரூற்றித் தராசின்மேல் வைத்து எண்ணைச் சுழியாக்கி, காசை நூலில் கட்டி, கிண்ணத்தின் அடியிலும் பக்கத்திலும் படாமல் நீருக்குள் தொங்கவிட்டால், தராசு காட்டும் எடையே காசு விலக்கிய நீரின் எடை. மெய்யான ரூபாய் ஏறக்குறைய 1.13 கிராம் காட்டும். அதே எடையுள்ள பித்தளைப் போலி 1.37 கிராம் காட்டும். கால் கிராமையும் தெளிவாகக் காட்டும் சிறு தராசு இன்று பெருவிலையன்று. அமிலம் தடவிப் பார்த்தல், அரத்தால் சுரண்டிப் பார்த்தல் முதலியவற்றைச் செய்யவே செய்யாதீர்கள். மெய்க்காசாயின் அதன் விலையை நீங்களே கெடுத்தவராவீர்.

காந்தமும் உதவும், ஆயினும் அதன் தீர்ப்பை அறிந்து கொள்ளவேண்டும். கும்பினியின் செம்புக் காசு காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் போலி என்பதில் ஐயமில்லை. ஆனால் இக்கால இந்தியக் காசுகளிற் பல துருவேறா எஃகினால் ஆனவை, அவை ஒட்டும். 1992 முதல் இங்கிலாந்தின் பென்னி செம்புமுலாம் பூசிய எஃகே, அதுவும் ஒட்டும். ஒட்டாமை மட்டும் மெய்ம்மைக்குச் சான்றுமன்று, பித்தளையும் ஒட்டுவதில்லையே.

நிற்க. மாணவர் கொண்டுவந்த வில்லைக்கு வருவோம். இராமர் உருவம் இருப்பதால் இது கும்பினிக் காசாயிராது என்று சொல்லிவிடலாமென்று நீங்கள் எண்ணக்கூடும். அவ்வாறே சில நூல்களும் அவசரப்பட்டுக் கூறும். அது பிழை. சென்னையில் கும்பினியார் வெளியிட்ட தங்க வராகன்களில் திருமால் உருவம் உண்டு. தேவியர் இருவருடன் வேங்கடவன் நிற்கும் மூன்று சுவாமி வராகனும் உண்டு. 1807ஐ ஒட்டி வெளியிட்ட வெள்ளி அரை வராகனிலும் கால் வராகனிலும் ஒரு பக்கம் கோபுரமும் மறு பக்கம் திருமாலும் இருக்க, மதிப்பு ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு ஆகிய நான்கு மொழிகளில் எழுதப்பட்டது. ஊரார் எந்த உருவத்தை நம்பி வாங்குவரோ அந்த உருவத்தையே வணிகர் அடித்தனர், அதில் வியப்பில்லை. ஆகவே தெய்வ உருவம் குற்றமன்று. குற்றம் வேறிடத்தில் உள்ளது.

முதலாவது, 1818இல் சென்னை மாகாணத்தின் செம்புச் சில்லறை காசு என்னும் கணக்கிலேயே எழுதப்பட்டது. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்பது பழைய கணக்கு. எல்லா மாகாணங்களுக்கும் பொதுவாக அரை அணா, கால் அணா என்று அடித்தது 1835 முதலே. இரண்டாவது, கும்பினியின் அரை அணா 200 கிரெயின், 12.95 கிராம், இதுவோ நம் தராசில் 19 கிராமுக்கு மேல் நின்றது. மூன்றாவது, கும்பினியின் அரை அணாவில் சிங்கங்கள் தாங்கும் அவர்தம் விருதுக்குறி ஒரு பக்கமும் இலைமாலை மறு பக்கமும் இருக்கும். தாமரையும் பட்டாபிஷேகமும் இல்லை. நான்காவதாக மேசை இழுப்பறையிலிருந்த காந்தத்தை எடுத்து நீட்டினோம். 'டக்' என்று ஒட்டிக்கொண்டது. மாணவர் முகம் கறுத்தது.

இவ்வகை வில்லைகள் பல ஆண்டுகளாகச் சந்தைகளில் உலவுகின்றன. 1616 என்றும் 1717 என்றும் 1818 என்றும் வாய்க்கு இனிய ஆண்டுகள் இவற்றில் இருக்கும். 1616இல் கும்பினியின் பொருட்டு ஆங்கில அரசர் அனுப்பிய தூதராகிய சர் தாமஸ் ரோ என்பார் ஜஹாங்கீர் பேரரசன் அவையில் வணிக உரிமைக்காகக் காத்துக்கிடந்தார். சென்னைப் பட்டணமே அப்போது தோன்றவில்லை. அரிசி இழுக்கும் வித்தையோ மிக எளிது. இரும்புத்தூள் பூசிய அரிசியும், காந்தம் ஏற்றிய அல்லது காந்தம் மறைத்த வில்லையும் போதும். சமையலறை அரிசியை இதன்மேல் தூவிக் காட்டினோம். ஒரு மணியும் அசையவில்லை. தமிழ்நாட்டில் இந்த 'அரிசி இழுக்கும்' செம்பையும், கோபுரக் கலசத்து இரிடியம் என்பதையும் நம்பி வீடு வாசல் இழந்தோர் பற்றிய வழக்குகள் செய்தித்தாள்களில் அடிக்கடி வருகின்றன. படித்தவர்களும் அவ்வழக்குகளில் உண்டு.

இத்தகைய ஏமாற்று வில்லைகளோடு இராமடங்காக்களைச் சேர்த்து எண்ணிவிடலாகாது. வடநாட்டிலும் தென்னாட்டிலும் யாத்திரிகர் வாங்கி வந்து பூசையறையில் வைக்கும் பொருட்டுச் செய்யப்பட்ட வெள்ளி, பித்தளை வில்லைகள் அவை. சீதையுடன் இராமர் அரியணையில் வீற்றிருப்பது ஒரு பக்கம். வில்லேந்திய இராம இலக்குமணர் நிற்பது பெரும்பாலும் மறு பக்கம். சிலவற்றில் பழமையான ஆண்டு பொறித்திருக்கும். ஆயினும் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டிலும் அதன் பின்னரும் செய்தவை. செய்தவர் எவரையும் ஏமாற்றக் கருதவில்லை. பிற்காலத்தில் அவற்றை 'விசயநகரக் காசு' என்று சொல்லி விற்றவரே பழிக்குரியர். பக்தியின் சின்னமாகவும், நாட்டுப்புறச் செதுக்கு வேலையின் எடுத்துக்காட்டாகவும் நாம் சிலவற்றை மகிழ்ச்சியோடு வைத்திருக்கின்றோம். நகைக்கடைகளிலும் வங்கிகளிலும் இன்று விற்கும் இலக்குமி உருவப் பொன், வெள்ளி 'நாணயங்கள்' இவற்றின் பேரப்பிள்ளைகளே. அவற்றைக் காசென்றே நாம் பேச்சில் வழங்கினும், உலோகத்தின் விலையும் செய்கூலியுமன்றி வேறு மதிப்பு அவற்றுக்கில்லை.

அரசாங்க நினைவு நாணயம் இவற்றின் வேறு. சுதந்திர இந்தியா 1964இல் நேரு நினைவாக முதன்முதல் அவ்வகை நாணயம் வெளியிட்டது. 1969இல் காந்தியடிகள் நூற்றாண்டுக்கு 15 கிராம் எடையும் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளியும் உள்ள பத்து ரூபாய் வந்தது. தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் ஆயிரமாவது ஆண்டை முன்னிட்டு 2010இல் வெளியிட்ட 1,000 ரூபாய் நாணயம் 35 கிராம் எடையுடையது. அதைக் கொண்டு எவரும் கடையில் அரிசி வாங்கப்போவதில்லை. எனினும் அசோகச் சிங்கமும், நாட்டின் பெயரும், மதிப்பும் அதில் உண்டு. அரசாங்க அறிவிப்பும் உண்டு. ஒரு நினைவு நாணயத்தைப் பற்றி ஐயம் எழுந்தால் அந்த அறிவிப்பைத் தேடுவதே நேர்வழி. எடை, அகலம், உலோகம் எல்லாம் அதில் இருக்கும்.

பதக்கமென்று தெரிந்தபின் அதனைத் தூக்கி எறிந்துவிடுவாரும் உளர். அது பெரும்பேதைமை. அரசர் காசுகளைப் பற்றி நூல்கள் ஆயிரம் உண்டு. ஒரு பொருட்காட்சி, ஒரு பாலம், ஒரு பள்ளி விழா இவற்றின் நினைவு ஒரு சிறு பதக்கத்தில் மட்டுமே தங்கியிருத்தல் கூடும். நம்மை ஏமாற்றிய அந்த வெண்ணிறப் பதக்கத்தைக் கொண்டே, அச்சிற்றூரைப் பற்றி ஒரு பிற்பகல் முழுதும் படித்தோம். விலை பத்தில் ஒரு பங்காயிருந்தால் குறையொன்றும் இல்லை. ஆங்கிலப் பதக்கங்களுக்கு லாரன்ஸ் பிரவுன் தொகுத்த மூன்று பகுதி நூலும், பிரிட்டிஷ் இந்தியப் பதக்கங்களுக்குப் படெஸ்டர் எழுதிய நூலும் உள்ளன. உலகக் காசுகளின் பெரும்பட்டியலாகிய கிராஸ் நூலில் ஒரு பொருளின் எண்ணுக்கு முன் பெருக்கற்குறி போன்ற எழுத்திருந்தால், அது முறையான காசன்று என்பது பொருள். நம் நாட்டுக் காசுகளுக்கு, 1889இல் கேப்டன் டஃப்னெல் தென்னிந்தியக் காசு சேர்ப்போர்க்கென்றே எழுதிய சிறு வழிகாட்டியும், அதற்கு முந்தைய ஆண்டில் வேலூரிலிருந்த பாதிரியார் லோவந்தால் திருநெல்வேலிக் காசுகளைப் பற்றி எழுதியதும் இன்றும் சுவை குன்றாதவை. எழும்பூர் அரசாங்க அருங்காட்சிச்சாலையின் காசுப் பகுதியில் ஒரு முற்பகல் நின்று மெய்க்காசுகளைக் கண்ணாரக் காணுதல் இந்நூல்களைப் படிப்பதினும் பயனுடையது. நூறு மெய்க்காசைக் கண்ட கண்ணுக்குப் போலி தானே உறுத்தும்.

வியாழக்கிழமை காலையில் மாணவர் தம் சிற்றப்பாவையே அழைத்து வந்தார். ஐம்பது வயதிருக்கும், கலாசாலைக் கட்டடத்துக்குள் கால்வைத்தது அதுவே முதன்முறை என்றார். நாம் ஒன்றும் விரித்துரைக்கவில்லை. 1835ஆம் ஆண்டுக் கும்பினி அரை அணா ஒன்றை நம் பேழையிலிருந்து எடுத்து அவருடைய வில்லைக்கு அருகில் வைத்து, காந்தத்தை அவர் கையிலேயே கொடுத்தோம். இரண்டையும் மாறிமாறித் தொட்டுப் பார்த்தார். பின்னர்ச் சட்டைப்பையிலிருந்து சிறிது அரிசியை எடுத்துத் தாமே தூவிப் பார்த்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார் போலும். நெடுநேரம் பேசவில்லை.

பத்திரம் எழுதப்படவில்லை. முன்பணம் திரும்பவில்லை, வாங்கிச் சென்றவரின் தொலைபேசி அன்று மாலையே ஓய்ந்துவிட்டதாம். காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுக்க மாணவர் உடன்சென்றார். அந்த நம் அரை அணாவின் விலை என்ன என்று சிற்றப்பா போகும்போது கேட்டார். சில நூறு ரூபாய் என்றோம். சற்றே சிரித்து, அதை ஒருமுறை மீண்டும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.